பேனரில் மாமா போட்டிருந்த சட்டை

வில்லியனூரில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். இன்று காலை ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்து, "உறுவையாறு காதுகுத்து பேனர் அடிச்சது நீதானாம்மா?" என்றார்.

முகத்தைப் பார்த்ததுமே ஆளைத் தெரிந்துவிட்டது. குழந்தையின் தாய்மாமன். தங்கையோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை.

போன வாரம் அந்தத் தங்கைதான் இவருடைய பழைய போட்டோவைக் கொடுத்து, "அண்ணன் வராதுக்கா. பேனர்லயாவது என் புள்ளைய மடியில வச்சிக்கினு சிரிக்கட்டும்" என்றாள்.

முன்பெல்லாம் இதற்கு அரை நாள் தலையை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். இப்போது ஏஐக்கு நாலு வரி எழுதினேன். டீ ஆறுவதற்குள் மாமா மடியில் பிள்ளையோடு சிரித்துவிட்டார். மாம்பழ மஞ்சளில், பாக்கெட்டில் மயில் வைத்த பட்டுச் சட்டை ஒன்றையும் அதுவே போட்டுவிட்டிருந்தது.

"என்னைக் கேக்காம இன்னாத்துக்குப் போட்ட?"

"நான் போடல சார், ஏஐ போட்டுது."

அவர் ஸ்கிரீனில் இருந்த படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "இந்தச் சட்டை எந்தக் கடையில கெடைக்கும்?" என்றார்.

"எதுக்கு சார்?"

"பேனர்ல ஒண்ணு, நேர்ல ஒண்ணு போட்டுக்கினு போய் குந்துனா ஊரே சிரிக்காது?"

தேடித் தருவதாகச் சொல்லி சைஸ் கேட்டுக்கொண்டேன். அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து, சுழல் நாற்காலியில் மூன்று சுற்று சுற்றினேன்.

காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சட்டையை உலகத்தில் இன்னும் யாருமே தைக்கவில்லை.

மாம்பழ மஞ்சள், பாக்கெட்டில் மயில், நாற்பத்திரண்டு சைஸ். நல்ல டெய்லர் யாராவது இருக்கிறீர்களா?