சூடத்துக்குக் கொடுத்த பால்

மருந்து கலக்கப் படித்து, ஏரலில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தனியாகக் குடியிருக்கும் பெண் என்று தெருவில் யாரும் என்னுடன் பேசமாட்டார்கள், எதிர்வீட்டு ஆவுடை அக்காவைத் தவிர.

ஒரு காலையில் அவள் மகள் பூசைத்தட்டிலிருந்த சூடத்தைக் கற்கண்டென்று தின்றுவிட்டாள். விஷத்துக்குப் பால் கொடுக்கும் வீட்டுப் பழக்கத்தில், நானே ஒரு செம்பு பாலைப் புகட்டினேன். சற்று நேரத்தில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒருவழியாகப் பிழைத்தாள்.

"ஏட்டி, நீ பாலு குடுக்கலைன்னா எம்புள்ள இல்ல. தெரு பூரா சொல்லிட்டேன் பாத்துக்கோ" என்றாள் அக்கா.

வீட்டில் என் பாடக் குறிப்பைத் திறந்தேன். நீரில் கரைபவை: உப்பு, சீனி, துத்தம். கொழுப்பில் கரைபவை: மெழுகு, சூடம். கீழே என் கையெழுத்திலேயே, 'உயிரணுவின் உறை கொழுப்பு போன்றது. கொழுப்பில் கரைவது அதை எளிதில் கடக்கும்' என்றிருந்தது. வயிற்றில் கரையாமல் கிடந்த சூடத்தைப் பாலின் கொழுப்பில் கரைத்து உள்ளே அனுப்பியவள் நான்.

சொன்னால் இருக்கும் ஒரே துணையும் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னொரு வீட்டிலும் பால் கொடுப்பார்கள். மறுநாள் போய்ச் சொன்னேன்.

"அப்ப வலிப்பு ஒன்னாலயா வந்துச்சு?"

"ஆமாக்கா."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அப்புறம் என்னுடன் பேசவேயில்லை.

அன்று மாலை சன்னல் வழியே அவள் குரல் கேட்டது. வீடு வீடாக நின்று, "சூடத்தைத் தின்னா பாலு குடுத்துராதீங்க" என்று சொல்லிக்கொண்டு போனாள். விளக்கேற்றக்கூட எழாமல், கடைசி வீடுவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.