துருத் தண்ணீர்

ஏழாம் மாதம் வளையல் போட்டு என்னை பாகூருக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்பியபோது, டாக்டரம்மா கூடவே ஒரு பயத்தையும் கட்டிக் கொடுத்தார். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடியிருந்தது. குந்தி உட்காரக் கூடாது, குனிந்து எதையும் தூக்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும்.

"வலி இருக்காது. ரத்தம் மட்டும் வரும். ஒரு சொட்டு பாத்தாலும் கிளம்பி வந்துடணும். அப்புறம் பாக்கலாம்னு இருந்துடாதீங்க" என்றார்.

முதல் பிள்ளையை ஆறாம் மாதத்தில் பறிகொடுத்தவள் நான். எனக்கு அதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

நல்லவேளையாக அம்மா வீட்டில் உட்கார்ந்து போகும் கக்கூஸ் இருந்தது. டவுனில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது அப்பா பேரம் பேசி வாங்கி, டிராக்டரில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தது. காலமெல்லாம் கரும்பு ஏற்றிய மனிதர் வேறு எதையும் அவ்வளவு பத்திரமாக ஏற்றி நான் பார்த்ததில்லை. கோப்பையும் பீங்கான், சுவரில் மாட்டிய டேங்கும் பீங்கான். அதற்குள் இருந்த சைபன்தான் வினை. பிடியை அழுத்தினால் டேங்குத் தண்ணீரை மொத்தமாக உறிஞ்சிக் கீழே தள்ளுகிற வளைந்த குழாய் அது. அதன் கம்பியும் தகடும் இரும்பு. அது துருப்பிடித்து, கசிந்து, கோப்பையின் பின்பக்கமாக எந்நேரமும் சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே தேங்கிய தண்ணீர் வெற்றிலை போட்டுத் துப்பிய நிறத்தில் கிடக்கும். டேங்குக்கு வரும் தண்ணீரை அடைத்துப் பார்த்தோம். அந்தக் குழாயும் முழுசாக மூடவில்லை.

நான் எந்த இடத்தில் சிவப்பைத் தேட வேண்டுமோ, அந்த இடம் ஏற்கெனவே சிவப்பாக இருந்தது.

வந்த முதல் வாரமே அதைப் பார்த்து அலறிவிட்டேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. விவரம் கேட்ட நர்சம்மா, "துருவப் பாத்துட்டா இந்த ஓட்டம் ஓடி வந்தீங்க?" என்று சிரித்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மாவும் சிரித்துக்கொண்டே வந்தாள். தெருவில் எதிர்ப்பட்ட நாலு பேரிடம் சொல்லியும் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சொல் வீட்டில் சுலபமாகப் புழங்க ஆரம்பித்தது. நான் கக்கூஸிலிருந்து வெளியே வந்தால் அம்மா அடுப்படியிலிருந்தே கேட்பாள்.

"இன்னாடி?"

"துருதாம்மா."

சொல்லச் சொல்ல வாய் பழகிவிட்டது. ஒருநாள் கோப்பையைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டேன். கட்டிலில் வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். வழக்கமான சிவப்புத்தான். ஆனால் வழக்கமான சிவப்புத்தான் என்று யார் சத்தியம் செய்வது? அப்பாவைக் கூப்பிட்டு, இதை மாற்றாவிட்டால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று கத்தினேன்.

அப்பா உடனே ஒத்துக்கொண்டார். "டேங்கையே கழட்டி வீசிட்டு பிளாஸ்டிக் டேங்கா போட்டுடலாம்மா. ஒரு நாள் வேல."

அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "அதுக்கு சுவத்துல ஓட்ட போடணுமா?"

"நாலு ஸ்க்ரூதான்."

"புள்ளத்தாச்சி இருக்கிற வூட்டுல சுவத்தக் குத்துவியா நீ? ஒரு தரம் குத்துனது பத்தலயா?"

அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் முதல் பிள்ளையைச் சுமந்து இங்கே வந்திருந்தபோது, காலண்டர் மாட்ட அவர் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்திருந்தார். மாசமாக இருக்கிற பெண் உள்ள வீட்டில் சுவரை இடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை போன பிறகு அந்த ஆணியை யாரோ பிடுங்கியிருந்தார்கள். ஓட்டை மட்டும் இருந்தது. அதுவரை யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆணிக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிளாஸ்டிக் டேங்க் பேச்சை நானே விட்டுவிட்டேன். எனக்கும் பயமாக இருந்தது.

ஆகவே சுவரைத் தொடாமல் சைபனை மட்டும் மாற்றுவது என்று முடிவானது. அப்பா ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து டேங்கில் வைத்து அளந்து, உடைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பாகூர் கடைக்குப் போனார். வாங்கி வந்த சைபன் டேங்கைவிட உயரமாக நின்றது, மூடி உட்காரவில்லை. அவர் அளந்தது டேங்கின் வெளிப்பக்கத்தை.

"கொல்லைக்கு வேலி அளக்கிறாப்ல வெளிய நின்னு அளந்தா?" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் மூலக்குளத்தில் இருக்கும் பெரிய கடைக்குப் போனார். இந்தத் தடவை நான் விடவில்லை. கக்கூஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அம்மா தையல் டேப்பை டேங்குக்குள் விட்டு அளந்து சொன்னாள். அப்பா கடையிலிருந்து வீடியோ கால் போட்டு ஒவ்வொரு சைபனாகத் தூக்கிக் காட்டினார். வளைவு தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும், மூடிக்குக் கீழே அடங்க வேண்டும், திருகு மரை டேங்கின் அடி ஓட்டைக்குச் சேர வேண்டும்.

கடைக்காரர் குறுக்கே புகுந்தார். "இந்த டேங்க்லாம் இப்ப யாரும் வெச்சிக்கினு இல்லமா. செட்டா மாத்திடுங்க."

"அதெல்லாம் முடியாதுண்ணா. கம்பி இரும்பான்னு மட்டும் பாருங்க. காந்தம் இருந்தா வெச்சிப் பாருங்க."

வைத்துப் பார்த்தார்கள். "ஒட்டலமா!" என்று அப்பா கூவியது கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

மாட்டுவது அடுத்த பாடு. டேங்குக்கு அடியில் பழைய சைபனைப் பிடித்திருந்த நட்டு துருவில் இறுகிக் கிடந்தது. அப்பாவின் கை தன்னையறியாமல் சுத்தியலுக்குப் போனது. அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு போய் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். அப்பா நட்டைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கட்டி ஒரு நாள் ஊறவிட்டார். மறுநாள் ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். இரும்பு கிறீச்சிட்டது வீடு முழுக்கக் கேட்டது. கட்டிலில் படுத்திருந்த எனக்கு ஒவ்வொரு கிறீச்சுக்கும் வயிற்றுக்குள் ஓர் உதை. அது சுத்தியல் சத்தம் இல்லை, சுத்தியல் சத்தம் இல்லை என்று சொல்லிக்கொண்டே படுத்திருந்தேன்.

நட்டு கழன்றது. டேங்கில் மிச்சமிருந்த தண்ணீர் தோட்டத்து வாழையடிக்குச் சிவப்பாக ஓடியது. அப்பா டேங்கைத் தேய்த்துக் கழுவினார். புது சைபனை இறக்கி, வாஷர் போட்டு, பீங்கான் விரிசல் விட்டுவிடுமோ என்று கையாலேயே நட்டை முடுக்கினார். தண்ணீர் நிரம்பியதும் பிடியை அழுத்தினார். முதல் தடவை வெறும் களகளப்புத்தான். இரண்டாம் தடவை மடை திறந்த மாதிரி இறங்கியது. கோப்பையின் அடி வெள்ளையாகத் தெரிந்தது. அப்பா கைதட்டினார், அம்மாவுக்குச் சிரிப்பு.  இனிமேல் அங்கே சிவப்பாக எது தெரிந்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்.

அந்த வாரம்கூட முழுசாகப் போகவில்லை. ஒரு காலை, வலி ஏதும் இல்லை. கோப்பையிலிருந்து எழுந்து திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் சிவந்திருந்தது.

"அம்மா" என்றேன். கத்தக்கூட வரவில்லை.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"துருடி" என்றாள். "பழசு கொஞ்சம் ஒட்டிக்கினு இருந்திருக்கும். துருதான்."

சொல்லிவிட்டுப் பிடியை அழுத்தினாள். தண்ணீர் சுழன்று இறங்கியது. கோப்பை வெள்ளையானது. தண்ணீர் தெளிந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கையில் சுருட்டிப் பிடித்திருந்த என் சேலை நுனியிலிருந்து ஒரு சொட்டு அந்த வெள்ளையில் விழுந்து மெதுவாகக் கரைந்தது. அம்மாவின் கை இன்னும் பிடிமேலேயே இருந்தது.

"யோவ், வண்டியக் கூப்புடுய்யா!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள்.

அன்றைக்கே வயிற்றைக் கிழித்து மகளை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேருமே இல்லை என்றார் டாக்டரம்மா. அம்மா அதை வராந்தாச் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். 

மகள் இப்போது அந்தப் பிடியை எட்டி அழுத்தும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். அம்மா மட்டும் அன்றிலிருந்து அதைத் தொடுவதில்லை. பக்கெட்டில் தண்ணீர் பிடித்து மக்கில் மொண்டு ஊற்றுகிறாள். "சைபன் நல்லாதான வேல செய்யுது, இன்னாத்துக்கு ஊத்திக்கினு கெடக்குற?" என்று அப்பா கேட்பார். அம்மா என்னைப் பார்ப்பாள். அன்றைக்குப் பிடியை அழுத்தியது யார் என்று நான் அவரிடம் சொன்னதில்லை.