வெறும் மங்கு

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் எனக்கு மூட்டை எண்ணும் வேலை. அவன் அச்சடித்த, வாழைமரம் போட்ட நோட்டுக்கு மதிப்பு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் மத்தியானம் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டால் பாதி நாள் கூலி போய்விடும். அந்தத் தட்டிலும் பாதி மரவள்ளிக் கிழங்குதான்.

"அந்தக் கெழங்க நான் வேகவெச்சுத் தரமாட்டேனா? புள்ள பொறக்கிற நேரத்துக்குக் கையில ஏதாவது வேணாமா?" என்றாள் என் மனைவி. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

மறுநாளே மங்கு கைக்கு வந்துவிட்டது. மூடியும் கொக்கியும் வைத்த எனாமல் பாத்திரம். ஒருநாள் அவித்த கிழங்கு, ஒருநாள் கிழங்குப் புட்டு, ஒருநாள் கிழங்கு அடை. மூன்றும் ஒரே ருசிதான். அதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. காசு மிச்சமானது உண்மை.

ஆனால் காசோடு பயமும் சேர்ந்தது. ஷெட்டில் இருந்ததெல்லாம் பட்டாளத்துக்குப் போகும் அரிசி. சாயங்காலம் கையை வீசிக்கொண்டு போகிறவனை வாசலில் நிற்கும் ஜப்பான் காவல்காரன் கண்டுகொள்ள மாட்டான். பாத்திரத்தோடு போகிறவன் நின்று, குனிந்து வணங்கி, மூடியைத் திறந்து காட்ட வேண்டும். பாத்திரத்தில் அரிசியோடு பிடிபட்ட இரண்டு பேரைச் சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிவிட்டார்கள். அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் போய்விட்டால் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இந்த ஊரில் வேறு நாதியில்லை. அதனால் தினமும் மங்கை இரண்டு தடவை கழுவித் துடைத்துத்தான் கிளம்புவேன்.

ஷெட்டில் மூட்டை தூக்கிய அண்ணன் ஒருவர் கிள்ளானிலிருந்து ரயிலில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மானஸ்தர். அவர் காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டு வந்த அன்று கையில் சாப்பாடு இல்லை. கேட்டால் பசியில்லை என்றார். நான் பாதி அடையைத் தின்றுவிட்டு மங்கை அவர் கையில் திணித்தேன். அதற்குள் வேகன் வந்துவிட்டதென்று என்னைக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் சங்கு ஊதியதும் மங்கைக் கழுவி, கொக்கி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். அன்றைக்கு நான் திறந்து பார்க்கவில்லை.

வரிசை நகர்ந்தது. மங்கைக் கை மாற்றினேன். உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டது. அரிசிச் சத்தம் எனக்குத் தெரியாதா?

எனக்குப் பின்னால்தான் அவர் நின்றார். திரும்பாமலே கேட்டேன். "அண்ணே, உள்ள என்ன?"

"ஒரு பிடிதான் தம்பி. கீழ சிந்திக் கெடந்தது. சாப்பிட்ட பாத்திரத்த வெறுமனேயா திருப்பிக் குடுக்கிறது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்கள் வீடுகளில் இரவல் பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. ஒரு சிட்டிகை உப்பாவது போட்டுத்தான் கொடுப்போம். அந்த வழக்கத்தைக் காட்டுகிற இடமா இது? மூடியைத் திறக்க வழியில்லை, கீழே போட வழியில்லை. எனக்கு முன்னால் மூன்று பேர், பிறகு இரண்டு பேர், பிறகு யாருமில்லை.

காவல்காரன் கொக்கியைத் தட்டினான். மூடி திறந்தது. வெள்ளையாக ஒரு பிடி அரிசி. கன்னத்தில் விழுந்த அறையில் காது அடைத்தது. அரைகுறை மலாயில் கேட்டான், "சியாபா பூஞா?" யாருடையது என்கிறான்.

யோசித்தேன் என்று சொன்னால் பொய். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "தியா பூஞா." அவருடையது. கையும் அவர் பக்கம் நீண்டது.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். குனிந்து வணங்கிவிட்டு, "சாயா பூஞா," என்றார். என்னுடையதுதான்.

மங்கோடு அவரையும் உள்ளே இழுத்துப் போனார்கள். அந்த வாரமே சயாமுக்கு ஏற்றியதாகப் பேச்சு அடிபட்டது. மங்கு எங்கே என்று மனைவி கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்றேன். வாழையிலையில் கிழங்கைக் கட்டிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். அவர் மனைவி கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தார். உள்ளே இன்னும் இரண்டு பிள்ளைகள் வெறுந்தரையில் சுருண்டு கிடந்தன.

"நீங்க அவரு கூட வேலை பாத்தவங்கதானே தம்பி? இதுக மூணு நாளு கஞ்சியில்லாம கெடந்தப்பகூட அங்கேயிருந்து ஒரு மணி அரிசி எடுத்தாந்ததில்ல அந்த மனுஷன். இப்ப யாருக்காக எடுத்தாரு?"

"தெரியலக்கா," என்றேன்.