திருப்பதி தூங்கும் நேரம்

கணக்கு வாத்தியார் வேலையில் எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். அதில் இருபத்தொரு வருஷம் புள்ளியியல் பாடத்தைப் பரீட்சைக்கு முந்தின வாரம் இரண்டே பீரியடில் முடித்திருக்கிறேன். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் சராசரி. வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவனைப் பிடித்தால் இடைநிலை. எந்த எண் அடிக்கடி வருகிறதோ அது முகடு. மணி அடிக்கும், நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

புது ஹெச்எம் மேடம் வந்து என் டீயில் கை வைத்தார். ஒருநாள் வகுப்பின் கடைசி பெஞ்சில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கென்று சமவாய்ப்பு மாதிரி, அதாவது ராண்டம் சாம்பிள் பாடம். "எல்லாருக்கும் ஒரே அளவு வாய்ப்பு இருக்கணும், நம்ம இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது, அதுதான் ராண்டம்" என்று முழங்கிவிட்டு, செய்து காட்டுவதற்காக ஐந்து பேரை எழுப்பினேன். ஐந்து பேரும் முதல் பெஞ்சு. ஐந்து பேரும் டாண் டாணென்று பதில் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் மேடம் தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். "ஏமண்டி சார், ராண்டம்னு சொல்றீங்க. உங்க விரல் ரெண்டாவது பெஞ்சைத் தாண்டவே மாட்டேங்குதே?"

புதிதாக வந்திருக்கும் இளம் ஆசிரியர் புள்ளியியலிலேயே எம்எஸ்சி படித்தவராம். பத்தாம் வகுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு எனக்கு ஆறாம் வகுப்பு பி பிரிவைத் தரலாமா என்று யோசிப்பதாக மேடம் சொன்னார். ஆறு பி என்பது எங்கள் பள்ளியில் வகுப்பு இல்லை, வானிலை. அங்கே போன வாத்தியார்கள் தொண்டையை இழந்து திரும்பியிருக்கிறார்கள். அதோடு, பத்தாம் வகுப்பு எடுக்கிறவன் என்று தெருவில் எனக்கு இருக்கும் மரியாதையும் போய்விடும். அது ஒன்றுதான் இருக்கிறது.

பயம் வந்தால் என் வாய் எனக்கு முன்னால் ஓடும். "சித்தூர்ல நடக்கற ஜில்லா கண்காட்சிக்கு ஒரு ராண்டம் சாம்பிள் ப்ராஜெக்டே கொண்டுபோறேன் மேடம்" என்றேன்.

"சரி. அதைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

திருப்பதி மக்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்பதைத் தலைப்பாக எடுத்தோம். பத்தாம் வகுப்பில் படபடவென்று பேசும் ஒரு பெண், அவளோடு மூன்று பேர். பெயரை யாரிடமும் கேட்கக் கூடாது, ஒரே ஆளை இரண்டு தடவை கேட்டுவிடாமலிருக்க ஆளுக்கொரு அடையாளம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று பெரிய விஞ்ஞானி மாதிரி சொல்லி அனுப்பினேன். இரண்டே நாளில் இருநூறு பேரின் தூக்கத்தோடு வந்தார்கள்.

"இவ்ளோ சீக்கிரமா?"

"பஸ் ஸ்டாண்டுல கேட்டுக்கினு வந்துட்டோம் சார். நல்லவங்க சார், எது கேட்டாலும் பதில் சொல்றாங்க."

சராசரி இரண்டரை மணி நேரம் வந்தது. நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், எட்டு மணி நேரம் தூங்குகிறவன். மதியம் ஸ்டாஃப் ரூமில் போடுவது தனிக்கணக்கு. அப்படியும் சந்தேகம் வரவில்லை. நான் ஒரு விதிவிலக்கு என்று நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். சார்ட்டின் அடியில் என் கையாலேயே முடிவுரையும் எழுதினேன்: "ஆன்மிக நகரமாதலால் இவ்வூர் மக்கள் குறைவாகவே உறங்குகின்றனர்."

சித்தூர் பஸ் சந்திரகிரியைத் தாண்டியபோதுதான் பொழுது போகாமல் அந்தத் தாள்களைப் புரட்டினேன். அடையாளம் என்ற கட்டத்தில், முதல் ஆள்: மொட்டை. இரண்டாவது ஆள்: மொட்டை, தலையில் சந்தனம். மூன்றாவது ஆள்: மொட்டை, மடியில் குழந்தை, குழந்தையும் மொட்டை. பக்கம் பக்கமாக மொட்டை. நடுநடுவே, லட்டுப் பை, காலில் செருப்பில்லை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. நாங்கள் கேட்டது திருப்பதி மக்களை அல்ல. மலையில் விடிய விடிய க்யூவில் நின்று தரிசனம் முடித்து, ஊருக்குப் பஸ் ஏறக் காத்திருந்தவர்களை. அவர்களிடம் போய், நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறோம். வேறு ஊரில் இந்தத் தப்பு நடக்காது. எங்களுக்கு யாத்திரிகர்கள் கண்ணில் படுவதே இல்லை. மின்கம்பம் மாதிரி அவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள், நாங்கள் சுற்றிக்கொண்டு போவோம்.

பயத்தில் எனக்குப் பசிக்கும். பக்கத்திலிருந்த டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், அது நாங்க மத்தியானம் துன்றதுக்கு" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த அந்தப் பெண்.

மென்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். தாள்களை வாங்கிப் பார்த்தவள், "அய்யய்யோ, ஆமா சார்" என்றாள். தலைப்பின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, 'திருப்பதிக்கு வந்தவர்கள்' என்று மாற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"மேல ஒட்டலாம் சார். கீழ நீங்க ஆன்மிக நகரம்னு எழுதினத இன்னா பண்றது? ஸ்கெட்ச் பேனாவாச்சே."

கண்காட்சியில் நடுவராக ஒரு கல்லூரி அம்மா வந்தார். எங்கள் மேஜையை அவர் நெருங்கியதும், பக்கத்து மேஜையில் இருந்த அட்டை மரத்தின் மேல் எனக்குத் திடீரென்று தீராத ஆர்வம் பிறந்தது. அதன் கிளைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினேன்.

"யாரைக் கேட்டீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தவங்கள மேடம்" என்றாள் அந்தப் பெண்.

"ஏன் அவங்களை?"

"எங்க ஊர்ல உக்காந்திருக்கறது அவங்க மட்டுந்தான் மேடம். ஊர்க்காரங்க நிக்கவே மாட்டாங்க, பேசினாலும் போய்க்கினே இருப்பாங்க."

"அப்போ இது யாரோட தூக்கம்?"

"மலைக்குப் போய்ட்டு வந்தவங்களோடது. வர்ற வழியிலதான் கண்டுபிடிச்சோம். ராண்டம் இல்ல மேடம், தப்புதான்."

அந்த அம்மா என்னவோ குறித்துக்கொண்டார். "உங்க கைடு டீச்சர் எங்கே?"

"அதோ, அந்த மரத்துக்குப் பின்னாடி நிக்கிறாரு."

பரிசு வரவில்லை. மறுநாள் ஹெச்எம் மேடத்திடம் சொல்ல மூன்று பொய்கள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலையில்லை. பிரேயர் நேரத்திலேயே அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டிருந்தாள், எலுமிச்சைச் சாதம் உட்பட.

மேடம் கத்தவில்லை, அது இன்னும் மோசம். "பத்து நாள் டைம் தர்றேன் சார். ஒரே ஒரு வார்டு, முப்பதே வீடு. சரியா எடுத்துக்கினு வாங்க. இல்லாட்டி ஆறு பி."

வார்டு சச்சிவாலயம் என்கிற அரசு அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடிக் கதவு எண்களின் பட்டியலை மட்டும் வாங்கி வந்தோம். எல்லா எண்களையும் சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டுக் குலுக்கி, முப்பது எடுத்தோம். என் ஜாதகத்துக்கு அதில் பாதிக்கு மேல் மூன்றாவது மாடி. சாயங்காலம் சாயங்காலம் மூச்சு வாங்க ஏறினேன். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் கதவைப் பாதி திறந்து, "எத்தினி மணி நேரம்னு எழுதினா பென்ஷன் நிக்காது?" என்று கேட்டார். பென்ஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதன்பிறகும், "நீங்களே பாத்து ஒரு நல்ல நம்பரா போட்டுக்கோங்க" என்றார்.

இருபத்தொன்பது வீடு முடிந்தது. முப்பதாவது வீடு பூட்டியிருந்தது. நான்கு தடவை போனோம், நான்கு தடவையும் பூட்டு. கடைசித் தடவை போனது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை மேடத்திடம் தாள் போய்ச் சேர வேண்டும்.

"பக்கத்து வீட்டைக் கேட்டுடலாம்மா" என்றேன்.

"சீட்டுல அந்த வீடு வரலையே சார்."

எனக்குக் காது மறுபடி சூடானது. ஆறு பியின் கூச்சல் அங்கேயே கேட்டது. அப்போதுதான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த கணித யோசனை வந்தது. "இங்க பாரு. இதுவரைக்கும் சராசரி ஏழு வந்திருக்கு. இந்த வீட்டுக்கும் ஏழுன்னு போடு. சராசரியையே சேத்தா சராசரி மாறாது. யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்ல."

அவள் பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாறாதுன்னா எதுக்கு சார் போடணும்?"

  கட்டம் காலியாகவே போயிற்று.

திங்கட்கிழமை மேடம் தாளை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்து அந்தக் கட்டத்தில் நிறுத்தினார். நானும் அந்தப் பெண்ணும் எதிரே நின்றோம்.

"இதென்ன காலி?"

"பூட்டியிருந்துது மேடம். நாலு வாட்டி போனோம்" என்றாள் அவள்.

"பக்கத்து வீட்டைக் கேட்டிருக்கலாமே?"

"சீட்டுல அந்த வீடு வரலை மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏழுன்னே போட்டிருக்கலாமே? சராசரிகூட மாறியிருக்காது."

என் வாய் எனக்கு முன்னால் ஓடியது. "மாறாதுன்னா எதுக்கு மேடம் போடணும்?"

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தாளில் கையெழுத்துப் போட்டார். "பத்தாம் வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும் சார். இப்பதான் பாடம் உங்களுக்கே புரிஞ்சிருக்கு."

வெளியே வந்தோம். வராண்டா முழுவதும் அந்தப் பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள். "நேத்து நான் சொன்னது நல்லாத்தான் இருந்துருக்கு போல."