பாதி படித்த நாவலுக்கு எழுதிய சீட்டு

அந்தப் புத்தகக் கடையில் வேலை பார்த்தவர்கள் மூன்றே பேர்: முதலாளி, பில் போடும் பெரியவர், சீட்டக்கா. தனக்குப் பிடித்த புத்தகங்களுக்குக் கீழே, அலமாரி விளிம்பில், கைப்பட இரண்டு வரி எழுதி ஒட்டுவாள். அதனால் அந்தப் பெயர். ‘தூக்கம் வராதவர்கள் படிக்கலாம். தூக்கம் வந்தால் என்னைத் திட்ட வேண்டாம்.’ ‘அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன வீடுகளுக்கு.’ இப்படி. புத்தகத்தைப் புரட்டாமல், சீட்டைப் படித்துவிட்டே வாங்கிப் போகிறவர்கள் இருந்தார்கள்.

மற்றபடி அவள் பயந்தாங்கொள்ளி. கதவை யாராவது பலமாகச் சாத்தினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். “பின்னாடி வர்றது உன் நிழல்தான்டி, ஓடாதே” என்று அவளுடைய அக்கா கிண்டல் செய்வாள். சீட்டு எழுதும்போது மட்டும் அந்தக் கைக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிடும்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு லிஃப்ட்காரர் வருவார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் நாலு மாதம். அலமாரிப் பக்கமே போகமாட்டார். நேரே அவளிடம் வந்து, “இந்த வாரத்துக்கு என்ன மருந்தும்மா?” என்பார்.

அந்த வாரம் முதலாளி அவளை நச்சரித்துக்கொண்டிருந்தார். “புது நாவல் வந்து பத்து நாளாச்சு. சீட்டு எங்கே?”

“பாதிதான் சார் படிச்சிருக்கேன்.”

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். எழுதும்மா.”

படித்த பாதி நன்றாகத்தான் இருந்தது. மனைவியை இழந்த ஒருவர் சமைக்கக் கற்றுக்கொண்டு, சட்டியைக் கருக்கி, தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறார். ‘துணையை இழந்தவர்களுக்கு ஒரு துணை’ என்று எழுதி ஒட்டினாள். மறுநாள் சனிக்கிழமை, வந்த லிஃப்ட்காரரை அவளே அலமாரிக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டினாள். “நீ சொன்னா கண்ணை மூடிட்டு வாங்குவேன்” என்று எடுத்துப் போனார்.

புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், புத்தகக் கட்டுகள் அடுக்கிய பின்னறையில் உட்கார்ந்து மீதியை முடித்தாள். கடைசி அறுபது பக்கத்தில் கதை திரும்பியது. அந்த மனிதர் வீட்டை ஒழுங்கு செய்கிறார். மனைவியின் துணிகளையெல்லாம் தானம் கொடுக்கிறார். கதவை உள்ளே தாழ்போடுகிறார். பிறகு அந்தக் கதவை அவர் திறக்கவேயில்லை. எழுதியவர் அதை அவ்வளவு அழகாக, ஏதோ ஓய்வெடுக்கப் போவது போல எழுதியிருந்தார். அந்த அழகுதான் அவளைக் குலைநடுங்க வைத்தது.

பில் பெரியவரிடம் ஓடி, கதையின் முடிவையும் லிஃப்ட்காரர் அதை வாங்கிப் போனதையும் சொன்னாள்.

“கதையைப் படிச்சுட்டு யாரும்மா அப்படியெல்லாம் பண்ணுவாங்க?” என்றார் அவர்.

“புத்தகம் மனுஷனை மாத்தும்னு சொல்லித்தானே அண்ணே விக்கிறோம்? நல்லதுக்கு மாத்தும்னா கெட்டதுக்கும் மாத்துமில்ல?”

பெரியவர் ஒரு பழைய நோட்டைத் தேடி எடுத்தார். மனைவி படுக்கையில் இருந்தபோது லிஃப்ட்காரருக்கு வீட்டுக்கே புத்தகம் அனுப்பியிருந்தார்கள். அதில் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. போன் செய்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. வியாழனும் அப்படியே. வெள்ளியும். சனிக்கிழமை பதினொன்று ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று. கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, அந்தச் சீட்டைப் பிய்த்துக் கையில் கசக்கியபடி, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள்.

நாலாவது மாடி. கதவடியில் மூன்று நாள் செய்தித்தாள் கிடந்தது. தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் அடித்தாள். “ஐயா! கடையிலேர்ந்து வந்திருக்கேன்! கதவைத் திறங்கய்யா!”

எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்தாள். “அவரா? புதன்கிழமை பாத்தது. சம்சாரத்தோட துணியெல்லாம் மூட்டையா கட்டிக் கீழே குடுத்துட்டு இருந்தாரு.”

சீட்டக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கதவைக் காட்டினாள், அவ்வளவுதான். எதிர்வீட்டு அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. “இரு, அவர் தங்கச்சி நம்பர் இருக்கு” என்று உள்ளே ஓடி, போனோடு திரும்பி வந்து, அதை இவள் காதில் வைத்தாள்.

எட்டு முறை மணி அடித்தது. அப்புறம் ஒரு இருமல்.

“யாரு?” லிஃப்ட்காரரேதான்.

அவள் ஓவென்று அழுதுவிட்டாள். யார் அழுகிறார்கள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

“பயந்துட்டேன்மா” என்றார் மெதுவாக. “துணியெல்லாம் குடுத்துட்டு வந்து மீதியைப் படிச்சேன். அந்த ஆளும் அதையே பண்றான். எவனோ என் வீட்டுக்குள்ள நின்னு பாத்து எழுதின மாதிரி. நான் யார்கிட்டயும் மூச்சு விடாத நெனப்பு அது. அதுக்கு மேல அந்த வீட்ல ஒரு நிமிஷம் இருக்க முடியல. போட்ட சட்டையோட தங்கச்சி வீட்டுக்கு வந்துட்டேன். அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நேத்து டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போனா.”

“ஐயா, நான் முழுசா படிக்கல. பாதி படிச்சுட்டுத்தான் சீட்டு எழுதினேன்.”

“அப்படியா” என்றார். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. “இனிமே முழுசா படிச்சுட்டுக் குடும்மா.”

நல்லபடியாகத்தான் முடிந்தது என்று படிக்கட்டில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லிஃப்ட்காரர் மீதியைப் படித்துப் பயந்ததால் தப்பித்தார். பயப்படாமல், ஆறுதலாகப் படித்திருந்தால்?

கடைக்குத் திரும்பியதும் எல்லாச் சீட்டுகளையும் பார்த்தாள். பதினொன்று, அரைகுறையாகப் படித்த புத்தகங்களுக்கு எழுதியவை. அந்தப் பதினொன்றையும் கிழித்தாள். முதலாளி கத்தினார். “நான் படிக்கிற வேகத்துலதான் சார் எழுதுவேன்” என்றாள். அவரை அவள் எதிர்த்துப் பேசியது அதுவே முதல்முறை. பேசி முடித்ததும் பின்னறைக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

ஐந்து வாரம் கழித்து லிஃப்ட்காரர் தங்கையோடு வந்தார். இளைத்திருந்தார். இந்த முறை தானே அலமாரிக்குப் போய், சீட்டில்லாத ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார்.

“இது எப்படிம்மா?”

“தெரியலய்யா. இன்னும் படிக்கல.”

“சரி, பரவாயில்ல” என்று வாங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியை எடுத்து, நின்றபடியே கடைசி அத்தியாயத்தைத் திருப்பினாள்.