கேட்பவர்களுக்குத் தரப்படும்

வெள்ளிமலையில் நாங்கள் இருவரும் சாமைப் பயிரைத்தான் ஆராய்ந்தோம், நான் ஒரு கல்லூரிக்காக, அவர் வேறொரு கல்லூரிக்காக. கள்ளக்குறிச்சிக்காரர். இறுக்கிப் பின்னிய சடை, சேறு காயாத செருப்பு. டீ வாங்க எழுந்து போகும்போது மடிக்கணினியை மூடவே மாட்டார். நானோ தும்மல் வந்தால்கூட என்னுடையதை மூடிவிட்டுத்தான் தும்முவேன்.

அன்று டீக்கடையில், நிதி தருபவர்கள் கேட்ட தரவுத் திட்டத்தை எழுதிக்கொண்டிருந்தேன். சேகரித்த தரவுகளை எங்கே வைப்போம், யாருக்குத் தருவோம் என்று அதில் சொல்ல வேண்டும். ‘கேட்பவர்களுக்குத் தரப்படும்’ என்று எழுதியதை அவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“வந்து கேக்குற வரிக்கும் இன்னாத்துக்குங்க பூட்டி வெச்சிக்கினு இருக்கணும்?”

“நீங்க என்ன எழுதினீங்க?”

“அறுப்பு முடிஞ்சதும் வெவசாயிங்க பேரை மட்டும் எடுத்துட்டு மீதி அல்லாத்தையும் இன்டர்நெட்ல போட்டுருவேன்னு எழுதிட்டேங்க. தப்பு இருந்தா யாராச்சும் சொல்லுவாங்க இல்ல?”

சொன்னபடியே போட்டார். என் வேலையை விட்டுவிட்டு அதில் பிழை தேடினேன். கடைசியில் ஒன்று சிக்கியது. ஒரே வயலின் விளைச்சலை இருமுறை சேர்த்திருந்தார். சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு அவருக்கு எழுதினேன். அன்றே திருத்தி, கீழே என் பெயரைப் போட்டு நன்றியும் சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

என் தரவில் இதுவரை ஒருவரும் ஒரு பிழைகூடக் கண்டுபிடித்ததில்லை. அதைத் தரச் சொல்லி ஒருவரும் கேட்டதுமில்லை.