கைப்பிடி நடுவில் இருந்தால்

என் மனைவிக்கு அச்சகத்தில் ‘கார்பனம்மா’ என்று பெயர். மோட்டாரின் கார்பன் கட்டைகளைத் துடைத்துத் துடைத்து அவள் கையில் எப்போதும் கரி. அங்கே இருக்கும் பெரிய அச்சு இயந்திரத்தை ஓட்டுவது ‘ரிபல்ஷன்’ என்ற வகையைச் சேர்ந்த ஒரு பழைய மோட்டார். வேகத்தைக் கூட்ட, குறைக்க எல்லாவற்றுக்கும் ஒரே கைப்பிடிதான். அதைப் பிடிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்தி. அதுவே வினையாகப் போயிற்று.

எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி இரண்டு வருடம். இவள் வேலையை விட்டுவிட்டு என்னோடு வரப் பார்க்கும் போதெல்லாம் முதலாளி ஒரே பாட்டைப் பாடுவார்: “யாராவது ஒருத்தருக்குப் புரியவெச்சுட்டுத் தாராளமா போம்மா.”

கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்தார்கள். கைப்பிடி நடுவில் இருந்தால் மோட்டார் அணைந்துவிட்டது என்று நினைத்து, ஸ்விட்சை அணைக்காமல் டீ குடிக்கப் போய்விடுவார்கள். மோட்டார் சுற்றாமல் உறுமும், சூடேறும், கருகல் வாடை வரும். இவளோ புத்தகத்தில் உள்ளபடி ‘தூண்டு மின்னோட்டம், காந்த அச்சு’ என்று தொடங்குவாள். கேட்பவர்களுக்குக் கண் சொருகும்.

“சொல்லாம கொள்ளாம கிளம்பி வா” என்று போனில் கத்துவேன்.

“மாடியில பைண்டிங் பொண்ணுங்க இருக்காங்க. பத்திக்கிச்சுன்னா?” என்பாள். இரண்டு தட்டு வாங்கி வைத்த வீட்டில் தனியாகச் சாப்பிட்டு எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

போன வாரம் நேரிலேயே போய் அச்சகத்தில் உட்கார்ந்துவிட்டேன். புதிதாக ஒரு மெஷின்காரர் வந்திருந்தார். இவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். அவர் கொட்டாவி விட்டார். சட்டென்று நிறுத்திவிட்டு, “என்னங்க, இங்க வாங்க” என்று என்னைச் சுவரோரமாக நிற்கவைத்தாள்.

“அண்ணே, வெளிச் சுருளுக்கு மட்டும்தான் கரண்ட் போகுது. உள்ள சுத்துற உருளைக்கு வெளியேந்து ஒரு கம்பிகூடப் போகல. ஆனா வெளிக் காந்தம் மாறி மாறி அடிக்கறதால உருளைக் கம்பியில கரண்ட் தானா பிறக்குது. ரெண்டு கார்பனையும் ஒரு செம்புப் பட்டையால சேர்த்திருக்கோம், அது வழியா அந்தக் கரண்ட் சுத்தி வருது. இப்ப உருளையும் ஒரு காந்தம். ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளும். எந்தப் பக்கம் தள்ளும்னு கார்பன்தான் முடிவு பண்ணும். அதை நகர்த்தறதுதான் இந்தக் கைப்பிடி.”

பிறகு என் நெஞ்சில் கை வைத்து ஓங்கித் தள்ளினாள். சுவரில் முதுகு இடித்தது.

“நேரா தள்ளறேன். நகர்றாரா? என் பலம்தான் வீணாகுது. அதான் கைப்பிடி நடுவுல இருக்கறது. கரண்ட் எக்கச்சக்கமா ஓடும், சூடாகும், சுத்தாது.” அடுத்து என் தோளில் ஒரு தள்ளு. அப்படியே திரும்பிப்போனேன். “இது கைப்பிடியைச் சாய்ச்சா. இன்னொரு தோள்ல தள்ளினா இன்னொரு பக்கம் திரும்புவாரு.”

“அட, இவ்வளவுதானா!” என்றார் மெஷின்காரர்.

பின்னால் நின்ற முதலாளி கைதட்டினார். “எனக்கே புரிஞ்சிருச்சேம்மா! இவ்ளோ தெளிவா சொல்ற ஆளை எப்படி விடறது? இதே மாதிரி இன்னும் ரெண்டு மெஷின் வாங்கறேன். வர்றவங்களுக்கெல்லாம் நீதான் சொல்லித்தரணும்.”

யாருக்கும் புரியாத வரை இவளை விடவில்லை, புரிந்த பிறகும் விடமாட்டாராம். அவள் கைப்பிடியை நடுவில் வைத்து ஸ்விட்சைப் போட்டாள். மோட்டார் உறுமத் தொடங்கியது.

“சார், இப்ப என்ன பண்ணணும்?”

முதலாளி பெருமையாக முன்னால் வந்து கைப்பிடியை மெல்லச் சாய்த்தார். இயந்திரம் ஓடியது. சிரித்தபடி திரும்பிப் பார்த்தார்.

“யாராவது ஒருத்தருக்குன்னுதானே சொன்னீங்க? இங்க ரெண்டு பேருக்குப் புரிஞ்சிருச்சு. நான் வரேன் சார்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வெள்ளைச் சட்டையில், நெஞ்சிலும் தோளிலும், அவளுடைய ஐந்து விரல்களும் கரியாகப் பதிந்திருந்தன.

“ஐயோ, சட்டை பாழாப்போச்சே” என்றாள்.

“போகட்டும். நீ நட.”